சித்தி சுமந்த கோப்பு: சிங்கப்பூரில் ஆறு நாள்

நவம்பர் 12, 2025, புதன்: தோ பாயோ

திருச்சியில் நள்ளிரவு கடந்து விமானம் ஏறிச் சாங்கியில் காலையில் இறங்கினேன். விமான நிலையத்தின் குளிரை விட்டு வெளியே கால் வைத்ததுமே, பிழியாத துணியை முகத்தில் போட்டது போலக் காற்று ஒட்டிக்கொண்டது. எழுபத்தொரு வயதாகும் என் சித்தப்பா, வாடகைக் காருக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நாளுக்கு மீன் வாங்கலாம் என்று சொல்லி, என் பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

தஞ்சாவூரில் நான் யூராலஜி மருத்துவராகப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். ஊரில் எங்களைக் ‘கிட்னி டாக்டர்’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். சிறுநீரகம் செயலிழந்தால் மருந்தும் டயாலிசிசும் கொடுப்பவர்கள் நெஃப்ராலஜி மருத்துவர்கள். சிறுநீரகம், சிறுநீர்ப்பை, ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பி, விதைப்பை ஆகியவற்றில் கல், அடைப்பு, புற்றுநோய் வந்தால் அறுவை செய்பவர்கள் நாங்கள். இந்தத் துறைப் புற்றுநோய்களைப் பற்றிய மூன்று நாள் மருத்துவ மாநாடு ஒன்றுக்காகத்தான் இந்தப் பயணம். சித்தப்பா வீட்டில் தங்குவதால் விடுதிச் செலவு மிச்சம் என்பதைத் தவிர, புறப்படும்போது வீட்டைப் பற்றி எனக்கு வேறு நினைப்பு இருக்கவில்லை.

சித்தப்பா 1974-இல் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தோ பாயோ வட்டாரத்தில், பதினோராவது மாடியில் உள்ள வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் அவரும் சித்தியும் மட்டும் இருக்கிறார்கள். சித்தி இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் எடுத்து வைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் முன்பே, மேசையில் ஒரு தடித்த நீலக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார்.

அது சித்தப்பாவின் கோப்பு. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பிராஸ்டேட்டில் தீவிரம் குறைந்த புற்றுநோய் இருப்பது தெரிந்தது. அறுவையோ கதிர்வீச்சோ இல்லாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை, தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., இடையில் ஒருமுறை திசுப் பரிசோதனை என்று கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளும் தேதி வரிசைப்படி பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. “போன மார்ச்சில் ஆறு புள்ளி ரெண்டு, செப்டம்பரில் அஞ்சு புள்ளி எட்டு” என்று சித்தி தாளைப் பார்க்காமலே சொன்னார். மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களில் கோப்பைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவர் அவர்தான்.

மாலையில் சித்தப்பா என்னைக் கீழே காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். சர்க்கரையில்லாத ‘கொப்பி ஓ கொசோங்’ ஒரு வெள்ளி முப்பது காசு. வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர், இன்றைய மதிப்பில் ஒன்று ஏறத்தாழ 68 ரூபாய். அங்கே அவருடைய பழைய பட்டறைத் தோழர்களான ஒரு சீனரும் ஒரு மலாய்க்காரரும் இருந்தார்கள். அந்த இருவருக்கும் இவருடைய பி.எஸ்.ஏ. அளவு தெரியும், இவருக்கு அவர்களுடைய சர்க்கரை அளவு தெரியும். தன் அடிவயிற்று நோயைப் பற்றி மலாயில் இவ்வளவு இயல்பாகப் பேசும் ஒரு தஞ்சாவூர்க்காரரைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது. என் மருத்துவமனைக்கு வரும் ஆண்களில் பாதிப்பேர் மனைவியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் வாய் திறப்பார்கள்.

நவம்பர் 13, வியாழன்: மாநாட்டின் முதல் நாள்

காலையில் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என் எண் கொண்ட பேருந்து வந்தது, வேகத்தைக் குறைக்காமலே கடந்து போனது. இங்கே கை காட்டினால்தான் நிறுத்துவார்கள் என்று பக்கத்திலிருந்த சீன மூதாட்டி சைகையால் விளக்கினார். பிறகு தன்னுடைய பேருந்து வந்தும் அதில் ஏறாமல் காத்திருந்து, எனக்கான அடுத்த பேருந்துக்குத் தாமே கையை நீட்டி நிறுத்தி, என்னை ஏற்றிவிட்டுத் தலையசைத்தார். அவர் எங்கே போக வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியாது.

இன்று முழுவதும் பிராஸ்டேட். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை 1,643 ஆண்களைச் சீட்டுக்குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவை, ஒரு பிரிவினருக்குக் கதிர்வீச்சு, மற்றொரு பிரிவினருக்குக் கண்காணிப்பு மட்டும் என்று நடத்திய புரொடெக்ட் ஆய்வைப் பற்றியே பேச்சு மீண்டும் மீண்டும் திரும்பியது. 2023-இல் வெளிவந்த பதினைந்து ஆண்டு முடிவுகளின்படி, மூன்று பிரிவுகளையும் சேர்த்து இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு இல்லை. நோய் உடலின் பிற இடங்களுக்குப் பரவியது கண்காணிப்புப் பிரிவில் 9.4 விழுக்காடு, அறுவைப் பிரிவில் 4.7 விழுக்காடு. எனவே கண்காணிப்பு என்பது கைவிடுதல் ஆகாது. யாரைக் கண்காணிக்கலாம், யாருக்குக் கத்தியை எடுக்க வேண்டும் என்று பிரித்தறிவதே இன்று எங்கள் துறையின் முதன்மையான வேலை.

சென்ற மாத இறுதியில் வெளியான ஐரோப்பிய ஆய்வைப் பற்றியும் ஓர் அமர்வு நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், பி.எஸ்.ஏ. சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் வரும் இறப்பு 13 விழுக்காடு குறைந்திருக்கிறது. 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காக்கப்படுகிறது. இது சிறிய எண்ணிக்கை என்று சிலர் சொன்னார்கள். எலும்பெல்லாம் நோய் பரவிய பிறகு, இடுப்புவலி என்று எலும்பு மருத்துவரிடம் ஆறு மாதம் அலைந்துவிட்டு என்னிடம் வரும் உழவர்களைப் பார்க்கிற எனக்கு அது சிறியதாகத் தெரியவில்லை.

வெளிக்கூடத்தில் அறுவைக்கு உதவும் இயந்திர மனித (ரோபோ) கருவிகளின் காட்சி பெரிதாக இருந்தது. இளம் மருத்துவர்கள் வரிசையில் நின்று கைப்பிடிகளை இயக்கிப் பார்த்தார்கள். எனக்கும் அக்கருவியின் மேல் மதிப்பு உண்டு, குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்த மூத்த மருத்துவர்களை நான் அறிவேன். எனினும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், திறந்த அறுவையையும் இயந்திர அறுவையையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு வாரங்கள் கழித்துச் சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் தாம்பத்திய வாழ்விலும் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை என்பதை அந்தக் கூடத்தில் யாரும் சொல்லக் கேட்கவில்லை. அங்கே ஒரு குவளைக் காப்பி ஆறரை வெள்ளி.

மூன்று மணிக்குத் தொடங்கிய மழை, கூரையிட்ட நடைபாதையின் இருபுறமும் சுவராக நின்றது. வீடு வந்ததும் சித்தப்பா அன்றைய செய்திகளைக் கேட்கக் காத்திருந்தார். அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். சித்தி மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தப்பா தூங்கப் போன பிறகு, பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பி நின்றபடி சித்தி கேட்டார். “பாப்பா, பீட்ரூட் சாப்பிட்டா ஒண்ணுக்குச் சிவப்பாப் போகுமா?”

போகும், சிலருக்கு அப்படி ஆவதுண்டு என்று சொன்னேன். எப்போது பீட்ரூட் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். சித்தி குழாயை மூடினார். பீட்ரூட் சாப்பிடவில்லை என்றார்.

நவம்பர் 14, வெள்ளி: மாநாட்டின் இரண்டாம் நாள்

இரவு ஒரு மணி வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். மே மாதம் முதல் முறை, ஆகஸ்டில் இரண்டாம் முறை, தீபாவளிக்கு முந்தைய வாரம் மூன்றாம் முறை. மூன்று முறையும் வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு நாள் சிவப்பாகப் போய்விட்டுத் தெளிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பக்கத்துத் தனியார் மருந்தகம் ஒன்றில் (மருத்துவர் பார்க்கும் கிளினிக்கை இங்கே மருந்தகம் என்கிறார்கள்), பெண்களுக்குச் சகஜமாக வரும் சிறுநீர்த்தொற்று என்று சொல்லி நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரத்தம் நின்றது மாத்திரையால் என்று எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளைச் சித்தி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார். சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று ஒருமுறைகூடச் சோதித்ததாக அவற்றில் இல்லை. அறுபத்தாறு வயதுப் பெண்ணுக்கு மூன்று முறை வலியில்லாமல் இரத்தம் போயிருக்கிறது, ஒருவரும் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கச் சொல்லவில்லை.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ பாக்குறது ஆம்பளைங்க வியாதியில்லையா?” என்றார் சித்தி. அதற்கு நான் என்ன சொல்வது? நான்கு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். சித்தப்பாவின் பி.எஸ்.ஏ.வைத் தவிர அந்த வீட்டில் யாருடைய உடல்நிலையையும் நான் கேட்டதில்லை.

இன்றைய அமர்வுகள் முழுவதும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றியவை என்பது தற்செயல்தான். ஆனால் அரங்கின் குளிரில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது, சித்தியின் மைலோ டின் என் மடியில் இருப்பது போலவே இருந்தது. இந்த நோய் வருகிறவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆண்கள். இந்நோய்க்கு முதல் காரணம் புகைப்பழக்கம், ஏறத்தாழ பாதி நோயாளிகளுக்கு அதுவே வேர். சாயத் தொழிலின் அமின் வகை வேதிப்பொருள்கள் மற்றொரு காரணம். 1895-இலேயே ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயப் பட்டறைத் தொழிலாளர்களிடம் இந்த நோயைக் கண்டு எழுதினார். ஆண்களின் நோய் என்று பெயர் பதிந்துவிட்டதால் பெண்ணுக்கு வரும் இரத்தம் தொற்றாகவே படிக்கப்படுகிறது, அதனால் பெண்கள் முற்றிய நிலையில் வருவது கூடுதல் என்பது பல நாட்டுப் பதிவேடுகளிலும் தெரிகிற உண்மை. எங்கள் அறுவைநூல்களும் அப்படித்தான் எழுதப்பட்டன. பெண்ணுக்குச் சிறுநீர்ப்பையை எடுக்கும்போது கருப்பை, சினைப்பைகள், யோனியின் முன்சுவர் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பதே நெடுங்காலமாக வழக்கம். நோய் தொடாத உறுப்பை விட்டுவைக்கலாம் என்ற எண்ணம் இப்போதுதான் வலுப்பெற்று வருகிறது.

பி.சி.ஜி. பற்றிய அமர்வு எனக்கு எப்போதும் நெருக்கமானது. நம் எல்லாருடைய இடது தோளிலும் வடுவாக இருக்கும் அதே காசநோய்த் தடுப்பூசி மருந்துதான். சென்னை கிண்டியில் 1948 முதல் அதைத் தயாரித்தார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய மாபெரும் ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்து உலகமே ஏமாற்றம் அடைந்தது. அந்த மருந்தையே கனடாவில் மருத்துவர் அல்வாரோ மொராலெஸ் ஒன்பது நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, மேலோட்டமான கட்டிகள் திரும்ப வருவது குறைவதைக் கண்டு 1976-இல் வெளியிட்டார். வாரம் ஒருமுறை ஆறு வாரம், இரண்டு மணி நேரம் உள்ளே அடக்கி வைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமியைக் கண்டு உடலின் காவற்படை விழித்துக்கொண்டு கட்டியையும் சேர்த்துத் தாக்குகிறது. ஐம்பது ஆண்டு ஆகப்போகிறது, இன்னமும் அதுவே முதல் மருந்து.

பரவிவிட்ட நோய்க்கான செய்தி இன்னும் பெரியது. 2023 அக்டோபரில் மத்ரீத் நகரில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில், என்ஃபோர்டுமேப் வெடோட்டின், பெம்ப்ரோலிசுமேப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு திரையில் தோன்றியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பழைய வேதிமருந்தில் நடுத்தர ஆயுள் 16.1 மாதம், புதிய மருந்துகளில் 31.5 மாதம். பல பத்தாண்டுகளாக நகராமல் இருந்த எண் அது. ஆனால் அந்த மருந்துகளின் செலவு நம் ஊரில் லட்சங்களில் போகிறது. என் நோயாளிகள் நிலத்தை விற்றாலும் சில தவணைகளுக்கு மேல் வாங்க முடியாது. கட்டி சிறியதாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் இந்த மருந்துகள் தேவைப்படாமலே போகக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கம் பொங்குகிறது.

பிற்பகலில் பேசப்பட்ட ஆய்வு சிங்கப்பூரிலேயே பிறந்தது. தேசியப் புற்றுநோய் நிலையமும் டியூக்-என்.யு.எஸ். மருத்துவப் பள்ளியும் தைவான் மருத்துவர்களோடு சேர்ந்து, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்ப் புற்றுநோயின் மரபணுக்களைப் படித்து 2013-இல் வெளியிட்டார்கள். அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் தாவர நஞ்சு, மரபணுவில் தனக்கே உரிய தடத்தைப் பதித்துச் செல்கிறது என்றும், அது உண்டாக்கும் மாற்றங்களின் எண்ணிக்கை புகையிலையும் வெயிலும் உண்டாக்குவதைவிட அதிகம் என்றும் காட்டினார்கள். அதற்கு முன்பே பிரஸ்ஸல்ஸில், உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது 1993-இல் தெரியவந்தது. அவர்களில் 39 பேருக்குச் சிறுநீரகங்களை எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது 2000-இல் வெளியானது.

திரையில் அந்தத் தாவரக் குடும்பத்தின் படம் வந்தபோது திடுக்கிட்டேன். அது எங்கள் வயல் வரப்பில் வளரும் ஆடுதீண்டாப்பாளையின் இனம். ஆடுகூடத் தீண்டாத பாளை என்று பெயரிலேயே எச்சரித்து வைத்திருக்கிறார்கள். இருந்தும் என் அப்பாயி அதன் இலையைக் குடற்புழுவுக்கு இடித்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பாம்புக்கடிக்கு என்று சொல்லப்படும் ஈஸ்வரமூலியும் அதே குடும்பம்தான்.

வீட்டுக்கு வந்ததும், சித்தி மூட்டுவலிக்கு ஏதாவது நாட்டுமருந்து உண்கிறாரா என்று கேட்டேன். ஊரிலிருந்து வரும் பொடி ஒன்று இருந்தது. உறையில் அச்சிட்டிருந்த பதினோரு மூலிகைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தக் குடும்பத்துச் செடி எதுவும் அதில் இல்லை. சித்தப்பா முப்பது ஆண்டு புகைத்தவர், பேத்தி பிறந்த அன்று விட்டவர். அவர் விட்ட புகையைச் சித்தி எவ்வளவு உள்ளே வாங்கியிருப்பார் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

சிங்கப்பூரில் மருத்துவம் பார்க்க எனக்கு உரிமம் இல்லை, இங்கே நான் உறவுக்காரி மட்டுமே. ‘பாலிகிளினிக்’ எனப்படும் அரசின் பலதுறை மருந்தகத்தில் கணினி வழியே தேடியதில், திங்கள் காலைக்கு இடம் கிடைத்தது.

நவம்பர் 15, சனி: தேக்கா

காலை அமர்வு சிறுநீரகப் புற்றுநோய் பற்றியது. மனம் அதில் ஒன்றவில்லை, நண்பகலோடு புறப்பட்டுவிட்டேன். முந்தைய நாள் மதிய உணவில் அறிமுகமான மலேசியப் பெண் மருத்துவர் ஒருவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். தன் மருத்துவமனையின் இப்பிரிவில் தான் ஒருத்தியே பெண் என்றும், பெண் நோயாளிகள் நூறு கிலோமீட்டர் தாண்டித் தன்னைத் தேடி வருகிறார்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார். நான் படித்த காலத்தில் என் வகுப்பிலும் நான் ஒருத்திதான். அறுவையரங்கில் நீண்ட நேரம் ஈயக் கவசம் அணிந்து நிற்கவேண்டும், ஆண் நோயாளிகள் கூச்சப்படுவார்கள், பெண்ணுக்கு இது ஒத்துவராது என்று அன்று பேராசிரியர்கள் சொன்னார்கள். ஆண் நோயாளிகளின் கூச்சத்தைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டவர்கள், ஆண் மருத்துவர் முன் கால் அகற்றிப் படுக்கவேண்டிய பெண்ணின் கூச்சத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

சித்தியுடன் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா ஈரச்சந்தைக்குப் போனேன். அவர் செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரரிடம் மலாயில் விலை பேசி, ஒரு சிவப்பு மீனின் தலையைத் தேர்ந்தெடுத்தார். பின் உணவங்காடிப் பகுதியில் தோசையும் தேநீரும் வாங்கி உட்கார்ந்தோம். இருவருக்குமாக ஏழு வெள்ளிக்கும் குறைவு. சுற்றிலும் வார இறுதி விடுப்பில் வந்த வெளிநாட்டு ஊழியர்களின் தமிழ்க் குரல்கள் நிறைந்திருந்தன. அந்த இரைச்சல்தான் சித்திக்குத் துணிவைக் கொடுத்தது என்று நினைக்கிறேன், வீட்டில் கேட்கத் தயங்கியதையெல்லாம் இங்கே கேட்டார்.

என்ன செய்வார்கள்? மரத்துப்போகும் களிம்பை இட்டு, பென்சிலை விட மெல்லிய, வளையும் குழாய் ஒன்றைச் சிறுநீர்த் துவாரம் வழியே விட்டுப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் போதும். மயக்கமருந்து தேவையில்லை. பெண்களுக்கு அந்தப் பாதை நான்கு சென்டிமீட்டர் நீளமே என்பதால், ஆண்களைவிட எளிது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாமா? கேட்கலாம். கட்டி இருந்தால்? அதே பாதையில் மயக்கமருந்து கொடுத்துச் சுரண்டி எடுப்பார்கள், வயிற்றைக் கிழிக்க வேண்டாம், பெரும்பாலான கட்டிகள் மேலோட்டமான நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுகின்றன. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமா? இருக்கலாம் சித்தி, இரத்தம் போன எல்லாருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் விடுவதுதான் தவறு.

எழுந்தபோது தட்டை மேசையிலேயே விட்டுவிட்டேன். பக்கத்து மேசையிலிருந்த இளைஞர், பெரம்பலூர்ப் பக்கத்துப் பேச்சு, “அக்கா, இங்க தட்டை நாமதான் கொண்டுபோய் வைக்கணும், இல்லைன்னா அபராதம் போட்டுடுவாங்க” என்று சொல்லி, நான் திரும்புவதற்குள் எங்கள் இரண்டு தட்டுகளையும் தாமே எடுத்துப் போய் வைத்துவிட்டார். அவரிடம் நன்றி சொன்னபோது, எந்த ஊர் என்று கேட்டார், தஞ்சாவூர் என்றதும் முகம் மலர்ந்தது.

இரவு மீன்தலைக் கறி. சாப்பாடு முடிந்ததும், சித்தியின் சம்மதத்தோடு, சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கையைக் கழுவாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து மழை. கழிகளில் காய்ந்த துணியை உள்ளே இழுக்கும் ஓசை மாடி மாடியாகக் கேட்டது. உட்லண்ட்ஸிலிருந்து சித்தியின் மகளான என் தங்கை, பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தாள். அவள் அழுதாள், சித்தி அவளைத் தேற்றினார். சித்தப்பா காப்பிக் கடைக்குப் போகவில்லை. அவருடைய தோழர்கள் இருமுறை தொலைபேசியில் அழைத்தார்கள், நாளை வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

நவம்பர் 17, திங்கள்: மருந்தகம்

காலை ஆறு மணிக்கு எழுந்தபோது சித்தப்பா வெளியே போய்விட்டுத் திரும்பியிருந்தார். கையில் ஒரு புதிய கோப்பு, பச்சை நிறம். இருபத்து நான்கு மணி நேரக் கடையில் வாங்கினாராம், மூன்று வெள்ளி இருபது காசு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்து, மைலோ டின்னிலிருந்த சீட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, மேலட்டையில் சித்தியின் முழுப்பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஆங்கிலத்தில் எழுதினார். பிறந்த தேதியை எழுதும் இடத்தில் நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டார். நாற்பத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கையில் அவர் அதைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மருந்தகத்தில் எங்களைப் பார்த்தவர் இளம் சீன மருத்துவர். எனக்கு முன்னால் அச்சமோ எரிச்சலோ இல்லாமல், என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல், எல்லாக் கேள்விகளையும் சித்தியிடமே நேராகக் கேட்டார். மொழி புரியாத இடத்தில் மட்டும் செவிலியர் ஒருவர் தமிழில் சொன்னார். எத்தனை முறை, எந்த மாதம், வலி உண்டா, கட்டியாக வந்ததா, வீட்டில் புகைப்பவர் உண்டா. கடைசிக் கேள்விக்குச் சித்தி தயங்கியபோது, “நான்தான், முப்பது வருஷம்” என்று சித்தப்பா பதில் சொன்னார். இன்று சிறுநீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. சோதனைப் பட்டையில் மட்டும் இரத்தம் இருப்பது தெரிந்தது. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருத்துவமனையின் யூராலஜி பிரிவுக்கு அவசரம் என்று குறித்துக் கடிதம் எழுதிவிட்டு, பெண் மருத்துவர் வேண்டும் என்று சித்தி கேட்டதையும் அதில் சேர்த்தார். மூன்று முறை வந்த பிறகு இனி மாத்திரை வேண்டாம், உள்ளே பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னபோது, நான்கு நாளாக என் நெஞ்சில் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது.

மாலை விமான நிலையத்துக்கு இருவரும் வந்தார்கள். சித்தி, நெத்திலிக் கருவாட்டை ஐந்து உறைகளில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்திருந்தார். வழியனுப்பும்போது, “உன் ஆஸ்பத்திரிக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட நீயாவே கேளு பாப்பா, அவங்களாச் சொல்ல மாட்டாங்க” என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்: தஞ்சாவூர்

பிற்பகலில் வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினேன். முதலில் வந்தவர் வல்லத்திலிருந்து சிறுநீரகக் கல்லுக்காகக் கணவரை அழைத்து வந்த அம்மா. கணவருக்கு எழுதி முடித்த பின் அவரிடமும் கேட்டேன். அவருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரவு எட்டு மணிக்குச் சித்தியிடமிருந்து செய்தி வந்தது. டிசம்பர் 3, புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு அழைத்திருக்கிறார்கள். உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன். அன்றைக்குத் தங்கை விடுப்பு எடுக்கிறாளா என்று கேட்டேன். வேண்டாமாம், சித்தப்பாவே கூட வருகிறாராம். பச்சைக் கோப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் துணிப்பையில் இப்போதே எடுத்து வைத்துவிட்டாராம், சித்தி வெறுங்கையோடு வந்தால் போதுமாம்.